சுவரும் தாளும்: பார்பரா கராஸ்கோவின் கலை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்பரா கராஸ்கோ யார்?

1955-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மெக்சிகோ எல்லையை ஒட்டியுள்ள எல் பாசோ நகரில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்த ஓவியர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்காக அரசு கட்டிய குடியிருப்பு ஒன்றில் அவருடைய இளமை கழிந்தது. 1978-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் நுண்கலைப் பட்டமும், 1991-இல் கால்ஆர்ட்ஸ் கலைக் கல்லூரியில் முதுகலைப் பட்டமும் பெற்றார். சுவரோவியம், அச்சோவியம், போராட்டப் பதாகை, கோட்டோவியம் ஆகிய நான்கிலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இயங்கி வருகிறார். சோவியத் ஒன்றியம் இருந்த காலத்தில் லெனின்கிராடுக்கும் (1985) ஆர்மீனியத் தலைநகர் யெரெவானுக்கும் (1987) சென்று சுவரோவியம் தீட்டியவர் என்பது அவரைப் பற்றிப் பலரும் அறியாத செய்தி. ஆனாலும் அவர் பெயரைச் சொன்னவுடன் கலையுலகம் நினைவுகூர்வது 1981-இல் வரையப்பட்டு, வைக்க வேண்டிய இடத்தில் ஒரு நாள்கூட வைக்கப்படாத ஓர் ஓவியத்தைத்தான். இந்தப் பக்கத்தின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

லத்தீனா, சிகானா என்ற இரண்டு சொற்களும் ஒன்றுதானா?

லத்தீன் அமெரிக்க வேர் கொண்ட எந்தப் பெண்ணையும் லத்தீனா எனலாம். அவருடைய குடும்பம் கியூபாவிலிருந்தோ கொலம்பியாவிலிருந்தோ வந்திருக்கலாம். சிகானா என்பது குறுகலான சொல். அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழியினரில், 1960-களின் உரிமைப் போராட்டங்களோடு தம்மை இணைத்துப் பார்த்த பெண்கள் தாங்களாகவே சூட்டிக்கொண்ட பெயர் அது, ஆண்பாலில் சிகானோ. ஒரு காலத்தில் ஏளனமாக வழங்கிய சொல்லை அந்தத் தலைமுறை எடுத்துப் பெருமைப் பெயராக்கிக்கொண்டது. கராஸ்கோ தம்மைச் சிகானா ஓவியர் என்றே சொல்லிக்கொள்கிறார்.

அவருடைய பணியை 'சமூகம் சார்ந்த கலை' என்று ஏன் வகைப்படுத்துகிறார்கள்?

ஏழைகளையும் தொழிலாளர்களையும் வரைந்தாலே அது சமூகக் கலை என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த அளவுகோலை வைத்தால் பணக்காரர் வீட்டு வரவேற்பறையில் தொங்கும் உழவர் படமும் சமூகக் கலையாகிவிடும். படத்தில் யார் இருக்கிறார் என்பதைவிட, தூரிகையை யார் பிடித்தார்கள், யாருடைய கூட்டத்தில் அது தொங்கியது, அதை வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று கேட்பதே பொருத்தம். கராஸ்கோவின் 1981 ஓவியத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் வண்ணம் தீட்டினார்கள். அவருடைய பதாகைகள் பண்ணைத் தொழிலாளர் மாநாடுகளில் தொங்கின. அவருடைய அச்சோவியங்களில் சில, அக்கம்பக்கத்தார் வந்துபோகும் பட்டறையில் உருவானவை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுவருக்கு அனுமதி வேண்டும், தாளுக்கு வேண்டாம். சுவர் எப்போதும் இன்னொருவருடையது: கட்டட உரிமையாளர், நகராட்சி, பணம் கொடுக்கும் வாரியம் என்று யாராவது ஒருவர் இடையில் நிற்பார். தாளில் அச்சிட்டால் நூறு பேர் கைக்குப் போய்விடும். யாரும் வெள்ளையடித்து அதை மறைத்துவிட முடியாது. சுவரோவியமும் அச்சும் ஒரே கலைஞரிடம் சேர்ந்திருப்பது தற்செயல் அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

1981 ஓவியம் எதைப் பற்றியது?

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1781-இல் ஸ்பானியப் பேரரசின் ஆணைப்படி நிறுவப்பட்டது. பதினொரு குடும்பங்கள், 44 பேர் அங்கே முதலில் குடியேறினர். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க, பழங்குடி, ஸ்பானியக் குருதி கலந்தவர்கள். அந்த நகரின் இருநூறாவது ஆண்டு நிறைவுக்காக நகர மறுசீரமைப்பு முகமை கராஸ்கோவிடம் ஒரு சுவரோவியத்தை ஒப்படைத்தது. நகர மையத்தில் பிராட்வே தெருவிலிருந்த மெக்டொனால்ட்ஸ் உணவகத்தின் வெளிச்சுவரில் அதைப் பொருத்துவதாகத் திட்டம். அப்போது ஓவியருக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டியிருந்தால் பெரிது.

'லாஸ் ஏஞ்சலஸ் வரலாறு: ஒரு மெக்சிகப் பார்வை' என்று பெயரிடப்பட்ட அந்த ஓவியம் 16 அடி உயரமும் 80 அடி நீளமும் கொண்டது. மையத்தில் ஒரு பெண்ணின் முகம். அவளுடைய கருங்கூந்தல் காற்றில் பறப்பதுபோல் ஓவியத்தின் முழு நீளத்துக்கும் விரிகிறது. அந்தக் கூந்தல் இழைகளுக்குள்ளேயே நகரத்தின் வரலாறு 51 காட்சிகளாகப் பின்னப்பட்டிருக்கிறது. மனிதர் வருவதற்கு முந்தைய நிலத்தில் தொடங்கி, பழங்குடி மக்கள், ஸ்பானியர் வருகை, மெக்சிகோ ஆட்சி, அமெரிக்க ஆட்சி என்று வந்து, ஓவியம் வரையப்பட்ட நாள்வரை அது நீள்கிறது.

இந்தப் பெண் யார் என்பதற்கு நகரத்தின் பெயரே விடை. அதன் பழைய ஸ்பானியப் பெயருக்கு 'வானதூதர்களின் அரசியுடைய ஊர்' என்று பொருள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் பழைய மன்றாட்டு மாலையில் 'சம்மனசுக்களுடைய இராக்கினியே' என்று விளிக்கும் அதே மரியன்னைதான். காலப்போக்கில் பெயரிலிருந்து அரசி விழுந்து, வானதூதர்கள் மட்டும் தங்கிவிட்டார்கள். கராஸ்கோ அந்த அரசியை மீண்டும் கொண்டுவந்து நடுவில் அமர்த்தினார். ஆனால் மாதா சுரூபங்களின் சாயலில் வரையாமல், தம் சகோதரியை எதிரில் உட்கார வைத்து அந்த முகத்தை எழுதினார்.

கூந்தலுக்குள் வரலாறு என்பது வெறும் அலங்கார உத்தியா?

அலங்காரம்தான், ஆனால் அந்த அலங்காரம் ஒரு வேலையும் செய்கிறது. வரலாற்றுச் சுவரோவியங்களில் வழக்கமாகக் காட்சிகள் கட்டம் கட்டமாக, ரயில் பெட்டிகள்போல் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தப் பெட்டியையும் கழற்றிவிடலாம், வண்டி ஓடும். இங்கே அப்படி இல்லை. ஒரு காட்சியின் விளிம்பு இன்னொன்றுக்குள் வளைந்து நுழைகிறது. ஓர் இழை மேலே எழுந்து மற்றொன்றின் அடியில் மறைகிறது. ஏதாவது ஒரு காட்சியை நீக்கினால் தலையில் சொட்டை விழுந்ததுபோல் அந்த இடம் தனியாகத் தெரியும். வரையும்போது ஓவியர் இதை முன்கூட்டி நினைத்தாரோ இல்லையோ, சில மாதங்களில் காட்சிகளை நீக்கும்படி கேட்கப்பட்டபோது அந்தப் பின்னலே ஒரு பதில் வாதமாகவும் நின்றது.

இவ்வளவு பெரிய ஓவியத்தை அவர் தனியாகவா வரைந்தார்?

இல்லை. க்ளென்னா ஆவிலா, இரெய்னா செர்வான்டெஸ், ராட் சகாய் ஆகிய சக ஓவியர்களும், பள்ளி வயது இளைஞர் குழு ஒன்றும் சேர்ந்து உழைத்தார்கள். முதலில் ஓவியர் நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் பழைய ஒளிப்படங்களைத் தேடினார்; வரலாற்றாளர்களைச் சந்தித்தார்; வெவ்வேறு இன மக்களிடம் பேசி, அவர்கள் வீட்டுக் கதைகளைக் கேட்டார். லாஸ் ஏஞ்சலஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வரலாற்றாளர் ஒருவரும் அவர் அணுகியவர்களில் அடக்கம். (இந்த அருங்காட்சியகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் கடைசியில் மறுபடியும் வரும்.)

வேலை சுவரில் நடக்கவில்லை. கழற்றி மாட்டக்கூடிய 43 பலகைகளில் அக்ரிலிக் வண்ணத்தால் வரைந்து, பிறகு சுவரில் பொருத்துவது என்பதே முறை. இதில் ஒரு வசதி உண்டு. சாரத்தில் ஏறி நிற்க அனுமதிக்க முடியாத பதினைந்து வயதுப் பிள்ளை, தரையில் சாய்த்து வைத்த பலகையின் முன் உட்கார்ந்து ஒரு முகத்துக்கு நிழல் கொடுக்கலாம். கைதேர்ந்தவர் கோட்டை இழுக்க, பயில்பவர் நிறத்தை நிரப்ப, மறுநாள் கைதேர்ந்தவர் விளிம்பைத் திருத்துவார். நம் ஊர்க் கோயில் சிற்பக்கூடங்களிலும் பட்டறைகளிலும் பயிற்சி நடப்பது இப்படித்தான் என்பதால் இதை நமக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஓவியம் ஏன் நிறுத்தப்பட்டது?

வேலை ஏறத்தாழ முடிவடைந்த கட்டத்தில், பணம் கொடுத்த முகமை 14 காட்சிகளுக்கு ஆட்சேபம் தெரிவித்து, அவற்றை நீக்கும்படி கேட்டது. ஓவியர் மறுத்தார். திட்டம் கைவிடப்பட்டது. ஓவியம் யாருக்குச் சொந்தம் என்ற தகராறும் தொடர்ந்து எழுந்தது. பலகைகள் இறுதியில் கராஸ்கோவிடமே இருந்தன.

சர்ச்சைக்குள்ளான காட்சிகளில் சிலவற்றையாவது அருகில் சென்று பார்த்தால்தான் தகராறு புரியும்.

1871 அக்டோபர் 24 இரவு, நகரின் பழைய சீனர் குடியிருப்பில் புகுந்த கும்பல் பதினெட்டுக்குக் குறையாத சீனர்களைக் கொன்றது, பலரைத் தூக்கிலிட்டது. அப்போது நகரில் வாழ்ந்த சீனர்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அது. எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டு, பிறகு மேல் முறையீட்டில் அந்தத் தண்டனையும் தள்ளுபடியானது. பள்ளிப் பாடநூல்களில் நெடுங்காலம் இடம்பெறாத நிகழ்வு.

1942-இல், ஜப்பானுடன் போர் மூண்டதைக் காரணம் காட்டி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினரை அரசு முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பகுதியினர் அமெரிக்கக் குடிமக்கள். கலிபோர்னியாவின் மன்சனார் முகாம் அவற்றில் ஒன்று. ஓவியத்தில் அதுவும் ஓர் இழை. அரசு இதற்கு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 1988-இல்தான். ஓவியம் அதற்கு ஏழு ஆண்டுகள் முந்தியது.

1943 ஜூனில், தொளதொளப்பான 'ஜூட் சூட்' உடை அணிந்த மெக்சிக இளைஞர்களைக் கடற்படை வீரர்கள் தெருத்தெருவாக விரட்டி அடித்து, நடுத்தெருவில் உடையை உரித்தார்கள். கைது செய்யப்பட்டவர்களில் பெரும்பாலோர் அடிபட்டவர்களே.

இவற்றோடு இன்னொரு காட்சியும் இருந்தது: ஒரு சுவரோவியத்தின்மேல் வெள்ளையடிக்கும் காட்சி.

அந்த வெள்ளையடித்த ஓவியம் எது?

மெக்சிகோவின் சுவரோவிய மும்மூர்த்திகளான ரிவேரா, ஒரோஸ்கோ, சிகேய்ரோஸ் ஆகியோரில் கடைசியவரான டேவிட் அல்ஃபாரோ சிகேய்ரோஸ், 1932-இல் லாஸ் ஏஞ்சலஸில் சில மாதங்கள் தங்கியிருந்தார். சுற்றுலாப் பயணிகளுக்காக 'பழைய மெக்சிகோ' பாணியில் புதுப்பிக்கப்பட்ட ஒல்வேரா தெருவில், ஒரு கட்டடத்தின் மாடிச் சுவரில் 'வெப்பமண்டல அமெரிக்கா' என்ற ஓவியத்தை வரைய அவரை அமர்த்தினார்கள். வாழைத்தோப்பும் கிளிகளும் வரும் என்று எதிர்பார்த்தவர்கள், அக்டோபர் 9-ஆம் தேதி திரை விலகியபோது பார்த்தது இரட்டைச் சிலுவையில் அறையப்பட்ட ஒரு பழங்குடி மனிதனையும் அவன் தலைக்கு மேல் இறக்கை விரித்த கழுகையும். தெருவிலிருந்து தெரிந்த பகுதியை விரைவிலேயே வெள்ளையடித்தார்கள். சில ஆண்டுகளில் மொத்தமும் மறைந்தது. சரியாக 80 ஆண்டுகள் கழித்து, 2012 அக்டோபர் 9 அன்று, கெட்டி என்ற கலைப் பாதுகாப்பு நிறுவனத்தின் நீண்ட பராமரிப்புப் பணிக்குப் பின் அது மீண்டும் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. இழந்த வண்ணங்களை மீண்டும் பூசாமல், எஞ்சியதை எஞ்சியபடியே காட்டுகிறார்கள்.

அந்த வெள்ளையடிப்பையும் நகர வரலாற்றின் ஒரு நிகழ்வாகக் கராஸ்கோ சேர்த்தார். அதை நீக்கச் சொன்னவர்களுக்குத் தாம் எதைச் செய்கிறோம் என்பது தோன்றாமலா இருந்திருக்கும்?

பதினான்கு காட்சிகளை மாற்றிக் கொடுத்துவிட்டு, மீதி 37 காட்சிகளையாவது மக்கள் பார்க்கும்படி செய்திருக்கலாமே?

நியாயமான கேள்வி, எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. முகமையின் பக்கம் நின்று பார்த்தால், பொதுப்பணம், கொண்டாட்ட ஆண்டு, உணவகச் சுவர். பிறந்தநாள் விழாவில் இழவுச் செய்தி எதற்கு என்று அவர்கள் நினைத்திருக்கலாம். ஒரு கலைஞர் சிறிது விட்டுக்கொடுத்து வேலையைக் காப்பாற்றுவதை நான் எப்போதும் குறை சொல்ல மாட்டேன். பொதுக்கலையில் விட்டுக்கொடுக்காமல் எதுவும் எழும்பாது.

ஆனால் இங்கே கேட்கப்பட்டது கால்வாசிக்கும் மேல். அதைவிட முக்கியமானது, அந்தப் பலகைகளில் வண்ணம் தீட்டிய பிள்ளைகளின் நிலை. தம் ஊரில் இப்படியெல்லாம் நடந்தது என்பதை அவர்களில் சிலர் முதன்முதலாகத் தெரிந்துகொண்டதே அந்த வேலையின்போதுதான் என்றிருந்தால் வியப்பில்லை. சொல்லிக்கொடுத்தவரே மறுமாதம் வந்து, 'இதை அழித்துவிட்டு இந்த இடத்தில் ஒரு மரம் போடு' என்று சொன்னால் அவர்கள் கற்றிருக்கக்கூடிய பாடம் வேறு. சமூகத்தோடு சேர்ந்து வேலை செய்பவருக்குத் தனியாக வரைபவருக்கு இல்லாத ஒரு கடன் உண்டு. கையெழுத்து ஒருவருடையதாக இருந்தாலும் உழைப்பு பலருடையது.

அதன் பிறகு ஓவியம் எங்கே இருந்தது?

பெரும்பாலும் கிடங்கில். பலகைகளில் வரைந்ததால் மட்டுமே அது பிழைத்தது. சுவரிலேயே வரைந்திருந்தால் இரண்டு வாளிச் சுண்ணாம்பில் கதை முடிந்திருக்கும். ஆனால் 80 அடி ஓவியத்தைப் பத்திரமாக வைத்திருப்பது ஒரு தனிமனிதருக்கு எத்தகைய சுமை என்பதை எண்ணிப் பாருங்கள்.

1990-இல் நகரக் கலைவிழாவை ஒட்டி, யூனியன் ஸ்டேஷன் ரயில் நிலையத்தில் அது சில நாள்கள் காட்சிக்கு வந்தது. 2017-இல், தணிக்கைக்கும் அழிப்புக்கும் ஆளான சிகானோ சுவரோவியங்களைப் பற்றிய கண்காட்சியை ஒட்டி மீண்டும் அதே நிலையத்தில். 1939-இல் திறக்கப்பட்ட அந்த நிலையம், பழைய சீனர் குடியிருப்பை இடித்த நிலத்தில் கட்டப்பட்டது. 1871 படுகொலை நடந்த இடமும் கூப்பிடு தூரத்தில்தான். எந்தக் காட்சி வேண்டாம் என்று சொல்லப்பட்டதோ அது, நிகழ்வு நடந்த மண்ணுக்கு அருகிலேயே, ரயிலைப் பிடிக்க ஓடுபவர்கள் கண்ணில் பட்டது.

2018-இல் லாஸ் ஏஞ்சலஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 'தணிக்கையின்றி' என்ற பொருள்படும் ஸ்பானியத் தலைப்பில் தனிக் கண்காட்சி நடத்தியது. 2020-இல் ஓவியத்தைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஓவியர் தகவல் தேடிப் போன அதே அருங்காட்சியகம்.

பண்ணைத் தொழிலாளர் சங்கத்துக்கு அவர் என்ன செய்தார்?

கல்லூரி நாள்களில் பண்ணைத் தொழிலாளர் தலைவர் சேசர் சாவேஸின் உரையைக் கேட்டுவிட்டு, அவரிடம் நேரில் சென்று உதவ விரும்புவதாகச் சொன்னார். அப்படித் தொடங்கிய தொடர்பு ஏறத்தாழ 15 ஆண்டுகள் நீடித்தது. ஐக்கியப் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தின் மாநாடுகளுக்கும் பேரணிகளுக்கும் பெரிய பதாகைகளை வரைந்து கொடுத்தார்.

சங்கத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1965 செப்டம்பரில், கலிபோர்னியாவின் டெலானோ வட்டாரத்தில் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளர்கள் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சாவேஸும் டோலோரெஸ் வெர்த்தாவும் நடத்திய மெக்சிகத் தொழிலாளர் சங்கம் எட்டு நாள்களில் அவர்களோடு சேர்ந்தது. ஐந்தாண்டுப் போராட்டமும் நாடு முழுவதும் திராட்சைப் புறக்கணிப்பும் தொடர்ந்தன. இரு தரப்புத் தொழிலாளர் அமைப்புகளும் இணைந்து உருவான ஐக்கியப் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தின் கொடியில் சிவப்புப் பின்னணியில் கறுப்புக் கழுகு. அந்தக் கழுகின் விளிம்புகள் படிக்கட்டுபோல் நேர்கோடுகளில் வெட்டப்பட்டிருக்கும். தையல் தெரிந்த எவரும் துணியை வெட்டி ஒட்டிக் கொடியாக்கிவிடலாம் என்பது அந்த வடிவத்தின் சிறப்பு.

பதாகை வரைவதைக் கலை என்று எடுத்துக்கொள்ளலாமா?

அருங்காட்சியகங்கள் நெடுங்காலம் எடுத்துக்கொள்ளவில்லை. பதாகையின் ஆயுள் ஒரு கூட்டம். மழை வந்தால் அதுவும் இல்லை. கையெழுத்து இருக்காது, விலை இருக்காது. ஆனால் மைதானத்தின் கடைசி வரிசையில் நிற்கும் ஒருவருக்கு, வெயிலில், ஒலிபெருக்கி கரகரக்கும்போது, கூட்டம் எதற்காகக் கூடியிருக்கிறது என்பதை ஒரே பார்வையில் சொல்லும் படத்தை வரைவது சாதாரணக் காரியம் அன்று. கோடு தடித்ததாக வேண்டும். நிறம் மூன்று நான்குக்கு மேல் போகக் கூடாது. முகம் தூரத்திலிருந்தும் அடையாளம் தெரிய வேண்டும். கராஸ்கோவின் அச்சோவியங்களில் தெரியும் அழுத்தமான வெளிக்கோடுகளைப் பார்க்கும்போது, அந்தக் கை எங்கே பழகியது என்பது விளங்கும்.

அச்சோவியம் என்பது ஓவியத்தின் நகல்தானே?

அன்று. அச்சிடுவதற்கென்றே உருவாக்கப்படும் மூலப் படைப்பு அது. அச்சான ஒவ்வொரு படியும் மூலமே. படிகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே வரையறுத்து, ஒவ்வொன்றிலும் ஓவியர் எண்ணிட்டுக் கையொப்பமிடுவார்.

சிகானோ கலைஞர்கள் மிகுதியாகக் கையாண்டது பட்டுத்திரை அச்சு. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அச்சிடும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். மரச்சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, மை இறங்கக் கூடாத இடங்களை அடைத்துவிடுகிறார்கள். சட்டத்தைத் தாளின்மேல் படுக்கவைத்து, ஒரு முனையில் மையை ஊற்றி, ரப்பர் பட்டை பதித்த கட்டையால் அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தால், திறந்திருக்கும் கண்கள் வழியே மை தாளில் இறங்கும். இது ஒரு நிறத்துக்கு. பத்து நிறம் என்றால் பத்துத் திரை, பத்து முறை இழுப்பு, ஒவ்வொரு முறையும் காயும்வரை காத்திருப்பு. நான்காவது நிறம் ஒரு நூலளவு விலகினால்கூட உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். அந்தத் தாள் வீண். இந்த வேலையை ஓவியர் தனியாகச் செய்வதில்லை. மை கலப்பதிலும் திரை பொருத்துவதிலும் கைதேர்ந்த அச்சர் ஒருவர் கூடவே நிற்பார்.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் இதற்கு நிலைக்களமாக இருந்தது செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ் என்ற அமைப்பு. சகோதரி கேரன் பொக்கலேரோ என்ற பிரான்சிஸ்கன் சபைக் கன்னியாஸ்திரி, 1970-களின் தொடக்கத்தில் சில மெக்சிகக் கலைஞர்களோடு சேர்ந்து ஒரு கார் நிறுத்தும் கொட்டகையில் ஆரம்பித்தது. அங்கே கலைஞர்களை வரவழைத்து, அச்சரையும் மையையும் தாளையும் அமைப்பே கொடுக்கும். அச்சான படிகளைக் கலைஞரும் அமைப்பும் பகிர்ந்துகொள்வார்கள். கலைஞருக்குக் கைக்காசு செலவில்லை; அமைப்புக்கு விற்கப் பொருள் கிடைக்கும்; அக்கம்பக்கத்தாருக்கு வீட்டில் மாட்டும் விலையில் நல்ல படம் கிடைக்கும். இந்தக் கணக்கு நேர்மையானது என்பதாலேயே நிலைத்தது என்று நினைக்கிறேன்.

அவருடைய அச்சோவியங்களில் எவற்றை முதலில் பார்க்க வேண்டும்?

இரண்டைச் சொல்வேன். முதலாவது 1978-இல் வெளியான 'நூற்கண்டில் கர்ப்பிணி'. இது பட்டுத்திரை அன்று, கல்லச்சு முறை. நிறைமாதப் பெண் ஒருத்தி ஆடையின்றிச் சுருண்டு கிடக்கிறாள். கம்பளி நூல் அவளைச் சுற்றி இறுக்கியிருக்கிறது. பிறக்கப்போகும் குழந்தைக்குச் சட்டை பின்னும் நூல்தான் அது, தாயையே கட்டிவிட்டது. சிகானோ இயக்கத்துக்குள்ளேயே பெண்களை அடுப்படிக்குத் தள்ளிய ஆண்கள் இருந்தார்கள். அந்தப் படம் வெளியாரை நோக்கியதைவிட வீட்டாரை நோக்கியது என்பதால் அதற்குக் கூர்மை அதிகம்.

இரண்டாவது 1999-இல் வெளியான 'டோலோரெஸ்' பட்டுத்திரை அச்சு. 1962-இல் சாவேஸோடு சேர்ந்து மெக்சிகத் தொழிலாளர் சங்கத்தை நிறுவியவர், 'முடியும்' என்று பொருள்படும் 'சி சே புவேதே' முழக்கத்தைத் தந்தவர் டோலோரெஸ் வெர்த்தா. ஆனாலும் சுவர்களிலும் சுவரொட்டிகளிலும் சாவேஸின் முகமே நிறைந்திருந்தது. தலைவர்களுக்கு உரிய தோரணையில் வெர்த்தாவை நிறுத்தி, குடும்பப்பெயர்கூட இல்லாமல் முதற்பெயரை மட்டும் தலைப்பாக்கினார் கராஸ்கோ.

நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் அவருடைய படைப்பு வந்ததாகச் சொல்கிறார்களே?

உண்மை. 1980-களில் அந்தச் சதுக்கத்தின் மின்விளக்கு விளம்பரப் பலகையில், வணிக விளம்பரங்களுக்கு இடையே கலைஞர்களின் சிறு அசைபடங்களைக் காட்டும் திட்டம் ஒன்று நடந்தது. 1989-இல் கராஸ்கோவின் 'பூச்சிக்கொல்லிகள்!' அதில் ஓடியது. அதற்கு முந்தைய ஆண்டுதான், திராட்சைத் தோட்டங்களில் தெளிக்கப்படும் நஞ்சை எதிர்த்துச் சாவேஸ் 36 நாள் உண்ணாநோன்பு இருந்திருந்தார். தோட்டத்தில் தெளிக்கப்படும் மருந்து தொழிலாளியின் உடம்பில் ஏறி, பழத்தோடு வாங்குபவர் மேசைக்கும் வந்து சேர்கிறது என்பதை, சில நொடிகளில், பெரிய பெரிய ஒளிப்புள்ளிகளால் சொல்ல வேண்டியிருந்தது. பதாகை வரைந்த கைக்கு அது புதிய வேலை அன்று.

இதே வழியில் இயங்கிய வேறு பெண் கலைஞர்கள் உண்டா?

பலர். சான் பிரான்சிஸ்கோவில் 1970-களின் தொடக்கத்தில் 'முஹேரெஸ் முராலிஸ்தாஸ்' என்ற பெண் சுவரோவியர் குழு சாரம் கட்டி ஏறியபோது, பெண்களுக்கு இந்த வேலை ஆகாது என்று சொன்னவர்கள் குறைவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஜூடித் பாக்கா 1976 முதல் பல கோடைகளாக, நானூற்றுக்கு மேற்பட்ட இளைஞர்களோடு, ஒரு வெள்ளக் கால்வாயின் கான்கிரீட் கரையில் அரை மைல் நீளத்துக்குக் கலிபோர்னியாவின் வரலாற்றை வரைந்தார். அச்சுத்துறையில் எஸ்தர் எர்னாண்டெஸ் 1982-இல் வெளியிட்ட பட்டுத்திரை அச்சு, உலர் திராட்சைப் பெட்டியில் சிரிக்கும் பெண்ணை எலும்புக்கூடாக மாற்றிக் காட்டியது. அவர் ஒரு பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர்.

1981 ஓவியத்தை இப்போது எங்கே பார்க்கலாம்?

லாஸ் ஏஞ்சலஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், 2024 நவம்பரில் திறக்கப்பட்ட புதிய பகுதியின் வரவேற்புக் கூடத்தில் நிரந்தரமாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கூடத்துக்கு நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. தெருவிலிருந்து நேராக நுழையலாம். முதலில் தள்ளி நின்று முகத்தையும் கூந்தலின் வீச்சையும் பார்த்துவிட்டு, பிறகு அருகில் சென்று பலகைகள் ஒன்றோடொன்று சேரும் கோடுகளைக் கவனியுங்கள். ஓர் இழை ஒரு பலகையில் முடிந்து அடுத்த பலகையில் தொடரும் இடங்களில் நிறத்தை எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும்.